பொது மேலாளர்களை அளந்த கோல்கள்

பேஸ்பால் ஆட்டத்தில், மட்டையைத் தொடாமலும் பந்தை எறியாமலும் வெற்றிக்கும் தோல்விக்கும் பொறுப்பேற்க வேண்டிய பதவி ஒன்று உண்டு. அமெரிக்கர் அப்பதவியில் அமர்பவரைப் பொது மேலாளர் என்பர். களத்தருகே நின்று ஆட்டத்தை நடத்துபவர் பயிற்றுநர். முதல் போட்டவர் உரிமையாளர். இவ்விருவருக்கும் இடையே இருந்துகொண்டு, எவரைச் சேர்ப்பது, எவரை விடுவிப்பது, எவரைக் கொடுத்து எவரைப் பெறுவது என்று முடிவு செய்பவரே பொது மேலாளர். பருவம் முடிந்ததும் மட்டையாளருக்கு அவருடைய அடிகளும், பந்தெறிவாளருக்கு அவருடைய வெற்றிகளும் ஏட்டில் பதிவாகிவிடுகின்றன. பொது மேலாளருக்கென்று அப்படியோர் ஏடு நெடுங்காலம் இருந்ததில்லை. ஆதலின் அவரை அளப்பதற்கு மூன்று கோல்கள் வழக்கில் வந்தன: அவர் செய்த ஆட்டக்காரர் பரிமாற்றங்கள், அவருடைய குழுவின் புள்ளிவிவரங்கள், அவர் காலத்தில் கிட்டிய வாகைப் பட்டங்கள். இம்மூன்றும் வெவ்வேறு காலங்களை அளக்கின்றன. அவை ஒன்றையொன்று மறுத்த வரலாறு சுவையானது; அதில் சிக்கியவர் சிலருக்கோ அது கசப்பாக முடிந்தது.

ஆட்டத்தை அறியாதவர்க்குச் சில குறிப்புகள் தேவைப்படும். ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். எறியப்படும் பந்தை அடித்துவிட்டு, தளங்களைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஓர் ஓட்டம். அமெரிக்கப் பெருங்குழுக்கள் நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் என்னும் இரு பிரிவுகளாக ஆடுகின்றன. முன்னர் ஒரு பருவத்துக்கு 154 ஆட்டங்கள் இருந்தன. 1960களின் தொடக்கத்தில் அவை 162 ஆயின. இரு லீக்குகளின் வாகையரும் இறுதியில் மோதுவது உலகத் தொடர். 1903இல் தொடங்கிய அத்தொடரில் இன்று ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்லும் குழுவுக்குப் பட்டம் கிடைக்கிறது. 1968 வரை லீக்கில் முதலிடம் பெற்ற குழு நேரே உலகத் தொடருக்குச் சென்றது. 1969 முதல் இடையே வேறு சுற்றுகளும் சேர்ந்தன. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைப்பது நன்று. பின்னர் அதற்கு வேலை இருக்கிறது.

நியூயார்க் யாங்கீஸ் குழுவில் 1920ஆம் ஆண்டின் இறுதியில் வணிக மேலாளராகப் பொறுப்பேற்ற எட் பேரோவை இம்மரபின் தொடக்கத்தில் வைப்பது வழக்கம். பட்டங்களை மட்டும் எண்ணினால் அவருக்கு இணை காண்பது அரிது. 1921 முதல் 1943 வரை யாங்கீஸ் 14 முறை லீக் வாகையும், அவற்றுள் 10 முறை உலகத் தொடரும் வென்றது. ஆனால் அக்குழுவின் தலையெழுத்தை மாற்றிய பேப் ரூத்தை வாங்கியவர் பேரோ அல்லர். பாஸ்டன் ரெட் சாக்ஸ் உரிமையாளர் ஹாரி ஃப்ரேசி 1919 டிசம்பரில் ஒரு லட்சம் டாலருக்கு ரூத்தை விற்க இசைந்தபோது, பேரோ அதே பாஸ்டன் குழுவின் பயிற்றுநராக இருந்தார். விற்பனையை எதிர்த்தும் தடுக்க இயலாமல் நின்றார். பின்னர் நியூயார்க்குக்குச் சென்ற அவர், பணமுடையில் இருந்த பழைய முதலாளியிடமிருந்தே வெய்ட் ஹாய்ட், சாம் ஜோன்ஸ், ஹெர்ப் பென்னாக் முதலிய பந்தெறிவாளர்களை ஒவ்வொருவராகப் பெற்றார். 1923இல் யாங்கீஸ் முதன்முறையாக உலகத் தொடரை வென்றபோது அதன் பந்தெறிவாளர் வரிசையில் பெரும்பாலோர் முன்னாள் பாஸ்டன்காரர்கள். இதில் பேரோவின் கூர்மை எவ்வளவு, உரிமையாளர் ஜேக்கப் ரப்பர்ட்டின் பணப்பை எவ்வளவு என்று பிரித்தெடுப்பது கடினம். பேரம் பேசும் இருவரில் ஒருவர் கடன்பட்டவராக இருக்கையில் மற்றவரின் பேரத் திறனை மிகுதியாகப் பாராட்டுவதற்கில்லை.

பிராஞ்ச் ரிக்கியின் நிலை இதற்கு நேர்மாறானது. அவர் பொறுப்பில் இருந்த செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் ஏழைக் குழு. சிற்றூர்க் குழுக்களில் ஆடும் திறமைசாலியை ரிக்கி கண்டறிந்து விலை கேட்டால், அச்செய்தியை அறிந்த செல்வக் குழு ஒன்று கூடுதல் விலை கொடுத்து அவனைக் கொண்டுபோய்விடும். வாங்க முடியாத குழு வளர்த்துக்கொள்ளவாவது வேண்டும் என்று ரிக்கி துணிந்தார். 1920களில் சிறு நகரக் குழுக்களில் பங்குகளை வாங்கி, அவற்றைக் கார்டினல்சின் நாற்றங்கால்களாக்கினார். நூற்றுக்கணக்கான இளைஞரைக் குறைந்த ஊதியத்தில் சேர்த்துப் படிப்படியாக உயர்த்தினார்; தேறியவரைத் தாம் வைத்துக்கொண்டு மிஞ்சியவரைப் பிற குழுக்களுக்கு விற்றார். விற்ற தொகையில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1938இல் பேஸ்பால் ஆணையர் லாண்டிஸ், விதிக்கு மாறாகக் கட்டி வைக்கப்பட்டிருந்த எழுபதுக்கும் மேற்பட்ட கார்டினல்ஸ் இளைஞரை விடுவித்து ஆணையிட்டார். எனினும் ரிக்கியின் முறை நிலைத்தது. பெருங்குழுக்கள் எல்லாம் இன்று ஆட்டக்காரரை வளர்ப்பது அம்முறையில்தான்.

கார்டினல்ஸ் 1926, 1931, 1934, 1942 ஆகிய ஆண்டுகளில் உலகத் தொடரை வென்றது. 1942ஆம் ஆண்டுக் குழு ஏறத்தாழ முழுவதும் நாற்றங்காலில் விளைந்தது. அப்பருவத்தில் 106 ஆட்டங்களை வென்றது. பருவம் முடிந்ததும், உரிமையாளர் சாம் பிரெடனுடன் ஒத்துப்போகாத ரிக்கி புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவுக்குச் சென்றார். அவர் சென்ற பிறகும் கார்டினல்ஸ் 1944இலும் 1946இலும் பட்டம் பெற்றது. 1946இல் நடந்தது தனிச்சுவை உடையது. பருவத்தின் இறுதியில் கார்டினல்சும் புரூக்ளினும் சமநிலையில் நின்றன; லீக் வாகையை முடிவு செய்யக் கூடுதல் ஆட்டங்கள் வைக்கப்பட்டன; கார்டினல்ஸ் இரண்டையும் வென்றது. ரிக்கி செயின்ட் லூயிசில் நட்ட நாற்று, புரூக்ளினில் இருந்த ரிக்கியையே வீழ்த்தியது. அப்பட்டத்தைப் பொது மேலாளர் ஏட்டில் எழுதப் புகுபவர் எப்பெயரின் கீழ் எழுதுவார்?

புரூக்ளினில் ரிக்கி இருந்த காலத்தில் அக்குழு 1947, 1949 ஆகிய இரு ஆண்டுகளில் லீக் வாகை பெற்றது. இருமுறையும் உலகத் தொடரில் யாங்கீசிடம் தோற்றது. பட்டக் கோலை மட்டும் பிடித்து அளப்பவர் இதனை வெறுங்கைக் காலம் என்று எழுதிவிடலாம். ஆனால் அக்காலத்தில்தான், 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் கறுப்பினத்தவர்க்கு அடைபட்டிருந்த பெருங்குழுக்களின் கதவு திறக்கப்பட்டது. 1945 அக்டோபரில் ரிக்கி ஜாக்கி ராபின்சனை ஒப்பந்தம் செய்தார். ஓராண்டு மான்ட்ரியல் கிளைக் குழுவில் ஆடிய ராபின்சன், 1947 ஏப்ரல் 15ஆம் நாள் புரூக்ளின் அணியில் இறங்கினார். இதில் அறமும் இருந்தது. ஆட்டக் கணக்கும் இருந்தது. பிற குழுக்கள் எட்டிப் பார்க்கவே மறுத்த இடத்தில் தலைசிறந்த ஆட்டக்காரர் பலர் இருப்பதை அறிந்து, முதலில் நுழைந்தவர் ரிக்கி. அதே வேளையில், ராபின்சன் அதுவரை ஆடிவந்த கறுப்பினத்தவர் குழுவான கேன்சஸ் சிட்டி மோனார்க்சுக்கு அவர் ஒரு காசும் கொடுக்கவில்லை என்பதும் வரலாறே. புரூக்ளின் குழு தன் ஒரே உலகத் தொடரை 1955இல் வென்றது. ராபின்சன், ராய் கம்பனெல்லா, டியூக் ஸ்னைடர், கில் ஹாட்ஜஸ் என அக்குழுவின் தூண்களாக நின்றவர் பலர் ரிக்கியின் காலத்தில் வந்தவர்கள். அந்த ஆண்டு ரிக்கி எங்கே இருந்தார்? பிட்ஸ்பர்க்கில், லீக்கின் கடைசி இடத்தில் கிடந்த குழுவின் பொது மேலாளராக!

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் குழுவில் அவர் பெற்ற முடிவுகளைப் போன்ற மோசமானவற்றைப் புகழ்பெற்ற வேறெந்தப் பொது மேலாளரும் பெற்றிருப்பது ஐயமே. 1952இல் 42 வெற்றி, 112 தோல்வி. 1952 முதல் 1955 வரை தொடர்ந்து நான்கு பருவங்களிலும் கடைசி இடம். ஏழு பருவங்கள் தொடர்ந்து லீக்கின் ஹோம் ரன் பட்டியலில் முதலிடம் வகித்த ரால்ஃப் கைனரை 1953இல் அவர் சிகாகோவுக்குக் கொடுத்துவிட்டபோது பிட்ஸ்பர்க் மக்கள் கொதித்தனர். கடைசி இடத்துக்குக் கைனர் இல்லாமலும் போக முடியும் என்று ரிக்கி விடையிறுத்ததாக ஒரு கதை வழங்குகிறது. 1955ஆம் ஆண்டோடு அவர் விலகினார்.

ஆனால் அவர் காலத்தில் பிட்ஸ்பர்க்கில் சேர்ந்தவர்களைப் பார்க்க வேண்டும். டிக் குரோட் 1952இல் சேர்ந்தார். ராய் ஃபேஸ் அதே ஆண்டின் இறுதியிலும், பில் மேசரோஸ்கி 1954இலும் சேர்ந்தனர். 1954 நவம்பரில், புரூக்ளின் குழு தன் மான்ட்ரியல் கிளையில் வைத்திருந்த ரொபர்ட்டோ கிளெமென்டே என்னும் இருபது வயது இளைஞனை, விதிப்படி 4,000 டாலர் செலுத்தி ரிக்கி எடுத்துக்கொண்டார். 1960இல் பிட்ஸ்பர்க் உலகத் தொடரை வென்றது. ஏழாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்சில் வெற்றி ஓட்டத்தை ஹோம் ரன்னாக அடித்தவர் மேசரோஸ்கி. அப்போது பொது மேலாளர் நாற்காலியில் இருந்தவர் ஜோ பிரவுன். ஏட்டில் பட்டம் அவர் பெயரில் இருக்கிறது. பிரவுனும் நல்ல பரிமாற்றங்கள் செய்தவர்தாம். அவரைக் குறைத்துச் சொல்வது முறையன்று. எனினும் ஆறாண்டு முன்பு கடைசி இடத்தில் நடந்த வேலை இல்லாமல் அந்த ஹோம் ரன் இல்லை. ஓராண்டுத் தேர்வு முடிவைக் கொண்டு பள்ளிகளைத் தரம் பிரிப்பதைப் பார்த்துப் பழகிய ஆசிரியர்களுக்கு இது வியப்பாக இராது.

அதே 1960ஆம் ஆண்டுத் தொடர் தோற்றவரின் ஏட்டிலும் ஒரு பக்கத்தைத் திருப்பியது. ஏழு ஆட்டங்களிலும் சேர்த்து யாங்கீஸ் எடுத்தவை 55 ஓட்டங்கள்; பிட்ஸ்பர்க் எடுத்தவை 27. ஓட்டங்களை எண்ணினால் யாங்கீஸ் இருமடங்கு வலிமை காட்டியது. ஆட்டங்களை எண்ணினால் நான்குக்கு மூன்று என்று தோற்றது. யாங்கீசின் பொது மேலாளர் ஜார்ஜ் வைஸ், 1948 முதலான 13 பருவங்களில் 10 லீக் வாகைகளும் 7 உலகத் தொடர்களும் கண்டவர். தொடர் முடிந்த சில வாரங்களில் அவர் ஓய்வு என்ற பெயரால் வெளியேற்றப்பட்டார். இடத்தைக் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் முதுமையைக் காரணமாகக் காட்டினர். மேசரோஸ்கியின் பந்து வேலியைத் தாண்டாமல் விழுந்திருந்தால் அந்த முதுமை எவர் கண்ணிலாவது பட்டிருக்குமா என்பது எண்ணத்தக்கது.

இவை எல்லாவற்றையும்விடத் தெளிவான எடுத்துக்காட்டு 1964இல் செயின்ட் லூயிசில் நிகழ்ந்தது. கார்டினல்சின் அன்றைய பொது மேலாளர் பிங் டிவைன், 1957இல் பொறுப்புக்கு வந்தவர். கர்ட் ஃபிளட், பில் வைட், ஹூலியன் ஹாவியேர், பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்த டிக் குரோட் என்று பரிமாற்றங்களாலேயே ஒரு குழுவைக் கட்டியவர். 1964 ஜூன் நடுவில் அக்குழு பட்டியலின் கீழ்ப்பாதியில் தத்தளித்தது. பரிமாற்றத்துக்குரிய கடைசி நாளாகிய ஜூன் 15இல், டிவைன் தம் பந்தெறிவாளர் எர்னி பிராக்லியோவைச் சிகாகோ கப்ஸ் குழுவுக்குக் கொடுத்து, லூ பிராக் என்னும் இளைஞரைப் பெற்றார். இருபுறமும் வேறு இருவரும் இடம் மாறினர். பிராக்லியோ முந்தைய ஆண்டில் 18 ஆட்டங்களை வென்றவர். பிராக்கோ 25 வயதை எட்டவிருந்தவர், வேகமாக ஓடுவார், ஆனால் அவருடைய அடி சராசரி அப்பருவத்தில்.251 மட்டுமே. சிகாகோ நாளேடுகள் தங்கள் குழுவுக்கே ஆதாயம் என்று மகிழ்ந்தன. செயின்ட் லூயிஸ் ஆட்டக்காரர் சிலரும் முகம் சுளித்தனர்.

பின்னர் நடந்தது அனைவரும் அறிந்தது. கார்டினல்ஸ் சட்டையில் பிராக் அப்பருவத்தின் எஞ்சிய பகுதியில் .348 சராசரியில் அடித்தார். தம் ஆட்டக் காலம் முழுவதிலும் 938 தளத் திருட்டுகளும் 3,023 அடிகளும் கண்டு, 1985இல் கூப்பர்ஸ்டவுன் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். பிராக்லியோவின் முழங்கை பழுதுபட்டிருந்தது. சிகாகோவில் மூன்று பருவங்களில் அவர் 7 ஆட்டங்களையே வென்று 19இல் தோற்றார். ஒருதலையாக முடிந்த பரிமாற்றம் என்றதும் அமெரிக்கர் நாவில் முதலில் வரும் பெயர்கள் இன்றும் இவ்விரண்டே.

ஆனால் 1964 ஆகஸ்டில் இவை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கார்டினல்ஸ் முதலிடத்துக்கு வெகு தொலைவில் இருந்தது. உரிமையாளர் அகஸ்ட் புஷ் பொறுமை இழந்தார். குழுவுக்குள் நிகழ்ந்த பூசல் ஒன்றைத் தம்மிடம் மறைத்தனர் என்ற சினமும் அவருக்கு இருந்தது. ஆலோசகராகத் திரும்பி வந்திருந்த முதியவர் ரிக்கிக்கும் டிவைனுக்கும் இடையே நல்லுறவு இல்லை. ஆகஸ்ட் 17இல் டிவைன் நீக்கப்பட்டார். பாப் ஹௌசம் அவ்விடத்தில் அமர்ந்தார். அடுத்த சில வாரங்களில் முதலிடத்தில் இருந்த பிலடெல்பியா, 12 ஆட்டங்கள் மட்டும் எஞ்சிய நிலையில் ஆறரை ஆட்ட முன்னிலையோடு இருந்தும், தொடர்ந்து 10 ஆட்டங்களில் தோற்றது. கார்டினல்ஸ் ஒரே ஓர் ஆட்ட வேறுபாட்டில் லீக் வாகை சூடியது. உலகத் தொடரில் யாங்கீசையும் வென்றது. அவ்வாண்டின் சிறந்த பேஸ்பால் நிர்வாகி என்று ஸ்போர்ட்டிங் நியூஸ் ஏடு தேர்ந்தெடுத்தது, வேலையிழந்த டிவைனை!

இங்கே நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். பிலடெல்பியா தோற்காமல் இருந்திருந்தால், டிவைன் செய்த ஒவ்வொரு பரிமாற்றமும் அப்படியே இருந்தும், அவரை நீக்கியது சரியே என்று உலகம் சொல்லியிருக்கும். அவருடைய தீர்ப்பை எழுதியது வேறொரு நகரத்துக் குழுவின் பத்துத் தோல்விகள். கதை அத்துடனும் முடியவில்லை. முன்னாள் ஆட்டக்காரர் ஸ்டான் மியூசியல் 1967ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் கார்டினல்சின் பொது மேலாளராக இருந்தார். அந்த ஓராண்டில் அக்குழு உலகத் தொடரை வென்றது, அவர் விலகிக்கொண்டார். விகிதக் கணக்குப்படி பேரோவும் ரிக்கியும் அவருக்குக் கீழே! அவருக்குப் பின் அந்நாற்காலியில் மீண்டும் அமர்ந்தவர் டிவைனே.

ரிக்கி 1965 டிசம்பர் 9ஆம் நாள் காலமானார். அவருடைய அலுவலகத்தில் எடுபிடிச் சிறுவனாகத் தொழில் தொடங்கிய பில் டெவிட் அப்போது சின்சினாட்டி ரெட்ஸ் குழுவின் தலைவர். அதே நாளில் டெவிட் தம் குழுவின் சிறந்த மட்டையாளரான ஃபிராங்க் ராபின்சனைப் பால்டிமோருக்குக் கொடுத்தார். ஈடாக வந்தவர்கள் பந்தெறிவாளர் மில்ட் பாப்பசும் வேறு இருவரும். ராபின்சனுக்கு வயது 30. அந்த வயதுக்கு அவர் முதியவர் என்பது டெவிட்டின் எண்ணம். அடுத்த ஆண்டே ராபின்சன் .316 சராசரி, 49 ஹோம் ரன், 122 ஓட்டத் துணை என மூன்று பட்டியல்களிலும் அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பெற்றார்; பால்டிமோர் உலகத் தொடரை நான்கு நேர் ஆட்டங்களில் வென்றது. டெவிட்டின் பெயர் இப்பரிமாற்றத்தோடு ஒட்டிக்கொண்டது. 1961இல் அவர் சின்சினாட்டிக்கு லீக் வாகை பெற்றுத் தந்ததை இன்று நினைப்பவர் சிலரே.

பரிமாற்றத்தைக் கோலாகக் கொள்பவர் இரு வினாக்களைப் பிரித்துக் கேட்க வேண்டும். முடிவு எப்படி ஆயிற்று என்பது ஒன்று. முடிவெடுத்த நாளில் தெரிந்தவற்றைக் கொண்டு அது தக்கதா என்பது மற்றொன்று. சிகாகோவுக்குப் பிராக்லியோவின் முழங்கை முழுமையாகத் தெரியாது. அது பிழை என்றால் மன்னிக்கத்தக்க பிழை. 1965இல் சின்சினாட்டி தன் லீக்கில் மற்றெல்லாக் குழுக்களையும்விட மிகுதியாக ஓட்டங்கள் குவித்தது. பந்தெறிவாளர்தாம் தேவை என்ற வரையில் டெவிட்டின் கணிப்பு தவறன்று. ஆனால் முந்தைய பருவத்தில் 33 ஹோம் ரன் அடித்தவரை முதுமை தொட்டுவிட்டது என்பதற்கு அவர் கையில் இருந்த சான்று என்ன? கண்டது பாதி, கருதியது பாதி என்றே சொல்ல வேண்டும். இவ்வகையில் பார்த்தால், விளைவு ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டாம் பிழை முதற்பிழையினும் பெரிது. எதிர்ப்புறத்தில் புகழைப் பங்கிடுவதும் எளிதன்று: பால்டிமோருக்காகப் பேச்சைத் தொடங்கியவர் பதவி விலகிக்கொண்டிருந்த லீ மெக்ஃபெயில்; முடித்தவர் அவர் பின் வந்த ஹாரி டால்டன்.

சில பரிமாற்றங்கள் இரு தரப்பாருக்கும் கேட்டதைக் கொடுத்தும் ஒரு தரப்பாரை நகைப்புக்கு ஆளாக்கியுள்ளன. 1987 ஆகஸ்டில் டெட்ராய்ட்டின் பில் லஜாய், 20 வயதுப் பயிற்சிப் பந்தெறிவாளர் ஜான் ஸ்மோல்ட்சை அட்லாண்டாவுக்குக் கொடுத்து, 36 வயது டாயில் அலெக்சாண்டரைப் பெற்றார். அலெக்சாண்டர் எஞ்சிய பருவத்தில் 9 ஆட்டங்களை வென்றார், ஒன்றிலும் தோற்கவில்லை. டெட்ராய்ட் இரண்டே ஆட்ட வேறுபாட்டில் தன் பிரிவை வென்றது. ஸ்மோல்ட்சோ 213 வெற்றிகளோடு 2015இல் புகழ் மண்டபம் புகுந்தார். லஜாய் அந்த ஆண்டின் வெற்றியைக் கேட்டார்; அது கிடைத்தது. அதற்கு அவர் கொடுத்த விலையின் அளவு பின்னரே தெரிந்தது.

புள்ளிவிவரக் கோலின் கதைக்கும் ரிக்கியிடமிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. 1947இல் அவர் மான்ட்ரியல்காரரான ஆலன் ராத் என்பவரை முழுநேரப் புள்ளிவிவர வல்லுநராக அமர்த்தினார். ராத்தின் துணையோடு வகுத்த ஒரு சூத்திரத்தை 1954இல் லைஃப் இதழில் வெளியிட்டார். மட்டையாளரை அடி சராசரியால் அளப்பது போதாது. எவ்வழியாகவேனும் தளத்தை அடைவதையும் எண்ண வேண்டும் என்பது அதன் சாரம். அன்று அதனைப் பொருட்படுத்தியவர் இலர். 1977இல் கேன்சஸ் மாநிலத்தில், பதப்படுத்தும் ஆலை ஒன்றில் இரவுக் காவல் பார்த்துவந்த பில் ஜேம்ஸ், தாமே அச்சிட்ட ஆண்டு மலரில் இத்தகைய வினாக்களை மீண்டும் எழுப்பினார். ஒரு குழு எடுத்த ஓட்டங்களின் வர்க்கத்தை, எடுத்த ஓட்டங்கள், கொடுத்த ஓட்டங்கள் ஆகிய இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால், அக்குழு பெறத்தக்க வெற்றி விகிதம் கிடைக்கும் என்று காட்டினார். 800 ஓட்டம் எடுத்து 700 கொடுத்த குழு 162 ஆட்டங்களில் சுமார் 92ஐ வெல்ல வேண்டும். அது 85ஐ மட்டும் வென்றால், ஆட்டக்காரரைச் சேர்த்தவரைக் குறை சொல்லுமுன் வாய்ப்பின் பங்கையும் எண்ண வேண்டும். பின்னாளில் ஓர் ஆட்டக்காரருக்குப் பதிலாக எளிதில் கிடைக்கும் மாற்றாளை வைத்தால் குழு எத்தனை வெற்றிகளை இழக்கும் என்று கணக்கிடும் அளவையும் தோன்றியது. அதைக் கொண்டு பரிமாற்றத்தின் இரு தட்டுகளையும் எடை போடலாம். ஆனால் அதுவும் பின்னால் நடந்ததையே எடை போடுகிறது.

இக்கோலின் பெருமையும் குறையும் ஓக்லண்ட் ஏஸ் குழுவின் பில்லி பீனிடம் ஒருங்கே தெரிந்தன. 2002இல் அக்குழுவின் ஊதியச் செலவு சுமார் 4 கோடி டாலர். யாங்கீசின் செலவு 12 கோடிக்கு மேல். இரண்டும் அப்பருவத்தில் தலா 103 ஆட்டங்களை வென்றன. ஒரு வெற்றிக்கு எவ்வளவு செலவு என்று கேட்டால் பீனுக்கு நிகர் எவருமிலர். ஆனால் 2000 முதல் 2003 வரை நான்கு ஆண்டுகளும் ஓக்லண்ட், ஐந்து ஆட்டங்கள் கொண்ட முதற்சுற்றிலேயே தோற்றது. அவர் காலத்தில் உலகத் தொடரை எட்டவே இல்லை. பட்டமில்லாத பொது மேலாளர் என்று அவரை எள்ளியவர் பலர்.

சுற்றுகளைப் பற்றி முன்னர்க் கூறியதை இங்கே எடுத்துக்கொள்ளலாம். எந்த எதிரியோடு ஆடினாலும் நூற்றுக்கு 55 ஆட்டங்களை வெல்லும் நல்ல குழு ஒன்றைக் கொள்வோம். ஐந்து ஆட்டச் சுற்று ஒன்றையும் ஏழு ஆட்டச் சுற்றுகள் இரண்டையும் அது அடுத்தடுத்து வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 22 அளவே. மேனிலை வகுப்பு மாணவர் எவரும் இதனைப் போட்டுப் பார்க்கலாம். 1968க்கு முன் லீக்கின் முதற்குழு ஒரே தொடரை வென்றால் போதும். ஆதலின் பேரோவின் பட்டங்களையும் பீனின் பட்டமின்மையையும் ஒரே தராசில் வைப்பது முறையாகாது. பட்டம் என்பது கொண்டாட்டத்துக்கு உரியது. அளவைக்கு அது மிகவும் வலுவற்ற கோல்.

ரூத்தை விற்ற பாஸ்டன் 86 ஆண்டுகளுக்குப் பின் 2004இல் பட்டம் பெற்றது. 28 வயதில் பொது மேலாளரான தியோ எப்ஸ்டீனுக்கு அப்புகழ் சேர்ந்தது. பின்னர் 2016இல் சிகாகோ கப்சின் 108 ஆண்டு வறட்சியையும் அவரே தீர்த்தபோது, அவர் திறனில் எவர்க்கும் ஐயம் எழவில்லை. எனினும் 2004ஆம் ஆண்டுக் குழுவின் பெட்ரோ மார்ட்டினெஸ், மேனி ராமிரெஸ், ஜேசன் வேரிடெக், டெரெக் லோ, ஜானி டேமன் ஆகியோரைச் சேர்த்தவர், 2002 மார்ச்சில் நீக்கப்பட்ட டான் டூகெட். எப்ஸ்டீன் சேர்த்தவர்கள் டேவிட் ஆர்ட்டிஸ், கர்ட் ஷில்லிங் முதலியோர். ஒருவர் சுவரெழுப்ப மற்றவர் கூரை வேய்ந்தார்.

கோல்கள் எல்லாவற்றையும் ஒருங்கே குழப்பியது ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ். 2011 டிசம்பரில் அதன் பொது மேலாளரான ஜெஃப் லூனோ, ரிக்கியின் பழைய கார்டினல்சில் நாற்றங்கால்களைக் கவனித்துவந்தவர். வேண்டுமென்றே இளைஞரை நம்பி, 2012இல் 107, 2013இல் 111 தோல்விகளைத் தாங்கினார். 2017இல் பட்டம் வந்தது. அப்பருவத்தில் அக்குழுவினர் எதிர்க்குழுவின் சைகைகளைக் காமரா வழியே படித்து, குப்பைத் தொட்டியைத் தட்டித் தம் மட்டையாளருக்கு உணர்த்தியது பின்னர் வெளிப்பட்டது. 2020 ஜனவரி 13இல் ஆணையர் லூனோவை ஓராண்டு விலக்கி வைத்தார். அன்றே உரிமையாளர் அவரை வேலையிலிருந்து நீக்கினார். பட்டம் மட்டும் பறிக்கப்படவில்லை. அதனை எண்ணிக்கையில் சேர்ப்பதா விடுப்பதா என்பதற்கு எந்தச் சூத்திரமும் விடை தராது.

அவ்விடத்துக்கு வந்த ஜேம்ஸ் கிளிக்கின் காலத்தில் ஹூஸ்டன் 2022ஆம் பருவத்தில் 106 ஆட்டங்களை வென்று உலகத் தொடருக்குச் சென்றது. நவம்பர் 5ஆம் நாள், ஆறாவது ஆட்டத்தில், யோர்டான் அல்வாரெஸ் மூன்று ஓட்டங்கள் தந்த ஹோம் ரன் ஒன்றை அடித்து முடிவைத் திருப்பினார். அல்வாரெசை ஹூஸ்டனுக்குக் கொண்டுவந்தவர் லூனோ: 2016 ஆகஸ்டில், ஜோஷ் ஃபீல்ட்ஸ் என்னும் பந்தெறிவாளரை லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்சுக்குக் கொடுத்து, அமெரிக்காவில் அதுவரை ஒரு தொழில்முறை ஆட்டமும் ஆடியிராத அந்தக் கியூபா இளைஞரைப் பெற்றிருந்தார். பட்டம் கிளிக்கின் பெயரில் எழுதப்பட்டது. உரிமையாளர் அவருக்கு முன்வைத்தது ஓராண்டு ஒப்பந்தம் மட்டுமே. கிளிக் அதனை ஏற்கவில்லை. வெற்றி பெற்ற ஆறாம் நாள், நவம்பர் 11இல், அவர் ஹூஸ்டனை விட்டு வெளியேறினார்.